பதினொன்று முதல் பதினாறு வரை

"ஜன்னலோர வரிசை உனக்கு. சுவரோர வரிசை ரேடியோவுக்கு. ஒன்பதரைக்கெல்லாம் தேர்வு வைக்க எக்ஸ்டெர்னல் மேடம் வந்துடுவாங்க. காதுல விழுந்துச்சா?" என்றார் டியூட்டர் மேடம்.

அமைதி தலையாட்டினாள்.

"தலையை ஆட்டாதே. வாயைத் திறந்து சொல்லு."

"சரிங்க மேடம்."

'ச' அவளைப் படுத்துவதில்லை. 'ம' பரவாயில்லை. 'க' எப்போதாவது முரண்டு பிடிக்கும். ஆனால் 'ப' இருக்கிறதே, அது உதட்டில் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது. உதடு ஒட்டிக்கொள்ளும். தாடை இறுகும். கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் இருப்பவர் முதலில் புன்னகைப்பார், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார், கடைசியில் அவளுக்குப் பதிலாக எதையாவது சொல்லி முடித்துவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் தப்பாகத்தான் முடிப்பார். அதற்கும் அவள் தலையாட்டிவிடுவாள். பேனா வாங்கப் போய்ப் பென்சிலோடு திரும்பி வந்திருக்கிறாள்.

நர்சிங் இரண்டாம் ஆண்டு. வார்டுச் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறது. "அந்தப் பலகைக்கு இவ கூடப் பிறந்த தங்கச்சி" என்று கூடப் படிக்கும் ரேடியோ ஒருநாள் சொன்னாள். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்குள் போய் முடங்கிக்கொண்டது.

இந்தப் படிப்பிலோ எதைத் தொட்டாலும் 'ப'. பெட், பேஷண்ட், பல்ஸ், பிரஷர். அமைதி ஒவ்வொன்றுக்கும் வேறு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பெட் என்று சொல்லமாட்டாள், கட்டில் என்பாள். பேஷண்ட் நோயாளி ஆனார். பல்ஸ் நாடி ஆனது. பிரஷர் ரத்த அழுத்தம் ஆனது. ஆசிரியர்கள் அசந்து போனார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மொழிப்பற்றா!" என்று தமிழ் மன்றத்துக்கு வரவேற்புரை சொல்லக் கூப்பிட்டார்கள். அவளுக்கு அன்றைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். தெர்மாமீட்டரை வெந்நீரில் வைத்துத்தான் அதை வரவழைக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மாற்றுச் சொல் இருந்தது. எண்ணுக்கு மட்டும் இல்லை.

ஜன்னலோர வரிசையில் ஆறு கட்டில். பதினொன்றில் ஆரம்பித்துப் பதினாறில் முடிகிறது.

தேர்வு என்பது ஒப்படைப்புதான். ஒரு நர்ஸ் வேலை முடித்துப் போகும்போது அடுத்து வருபவரிடம் கட்டில் கட்டிலாக நின்று சொல்ல வேண்டும். இத்தனாம் நம்பர், இன்ன நோய், இன்ன மருந்து, இதைக் கவனிக்கணும். எல்லாம் உரக்க. முதல் தடவை இந்தத் தேர்வு வந்தபோது அமைதிக்குக் காய்ச்சல். இரண்டாம் தடவை அவளுடைய சித்தி இறந்துபோனார். சித்தி இன்றுவரை நன்றாக இருக்கிறார் என்பது வேறு விஷயம். மூன்றாவது தடவையும் ஆப்சென்ட் ஆனால் பதிவேட்டிலிருந்து பெயரையே அடித்துவிடுவார்கள். விதி அது.

"மேடம், ரேடியோவும் நானும் வரிசையை மாத்திக்கலாமா?" என்று கேட்டாள். அந்த வாக்கியத்தை முந்தின ராத்திரியே 'ப' இல்லாமல் தயார் செய்து வைத்திருந்தாள்.

"ரெண்டு வாரமா அந்த ஆறு பேரையும் பார்த்தது யாரு?"

"நான்."

"அப்ப யாரு ஒப்படைக்கணும்?"

"நான்."

"அவ்வளவுதான். போ."

துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுக்கிய போர்வைகளைப் பார்த்துப் பயிற்சி செய்தாள். கால்விரலைத் தட்டிக்கொண்டு சொன்னால் வருமாம். தட்டினாள். வரவில்லை. பாட்டாகப் பாடினால் வருமாம். "பஅஅஅ" என்று இழுத்தாள். தாடை பூட்டிக்கொண்டது.

கதவு படாரென்று திறந்தது. வார்டு ஆயா.

"அய்யய்யோ! தொண்டையில என்னடி சிக்கிச்சு?"

பதில் வருவதற்குள் முதுகில் நான்கு அறை விழுந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் வாயில் பாதி, சட்டையில் பாதி.

"இறங்கிடுச்சா?"

தலையாட்டினாள்.

"சின்னச் சின்னதா கடிச்சுத் தின்னணும் கண்ணு. நான் மட்டும் வரலேன்னா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பே."

ஈரச் சட்டையோடு வெளியே வந்தவளை ரேடியோ பிடித்துக்கொண்டாள். கல்லூரியில் அமைதியின் திக்கல் தெரிந்த ஒரே ஆள் ரேடியோதான். மூச்சு விடாமல் பேசுகிறவள் என்பதால் பக்கத்தில் இருப்பவர் பேசாதது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

"நம்பரை வேற மாதிரி சொல்லிப் பாரேன்."

"இருவதுக்கு ஆறு கம்மி" என்றாள் அமைதி.

"என்னது?"

"ப... அந்த நாலாவது கட்டில். இருவதுக்கு ஆறு கம்மி."

"இது வார்டா, கணக்கு வகுப்பாடி? அந்தம்மா விரலை மடக்கி எண்ணிட்டு நிப்பாங்களா?"

அமைதி கட்டிலின் கால்மாட்டையே பார்த்தாள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கொக்கி. அதில் ஒரு தகர வில்லை. வில்லையில் நம்பர். எதிரே சுவரோரம் ரேடியோவின் ஆறு கட்டில்களிலும் அதேபோல் கொக்கி, வில்லை. இருபத்தொன்றிலிருந்து இருபத்தாறு வரை.

இருபத்தொன்று. இ. அவளிடம் பகையே இல்லாத எழுத்து.

"ஏய், வேணாம்" என்றாள் ரேடியோ.

"எட்டு மணி மருந்து கொடுத்தாச்சு. அடுத்த மருந்து உச்சி நேரத்துல. ஒரே மணி நேரம். முடிஞ்சதும் மாட்டிடலாம்."

அமைதி இவ்வளவு நீளமாகப் பேசி ரேடியோ கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே சம்மதித்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்தால் தோது எல்லாமே கூடி வந்திருந்தது. வார்டு சிஸ்டருக்கு அன்று விடுப்பு. பதிலுக்கு வந்த சிஸ்டருக்கு நம்பர் தெரியும், முகம் தெரியாது. டியூட்டர் மேடத்துக்கு வரிசைதான் கணக்கு, நம்பர் இல்லை. நோயாளிகளின் கையில் கட்டும் பெயர்ப்பட்டை தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கோப்புகள் மேசையில் நம்பர் வரிசையில் நிற்கும். மொத்த வார்டும் அந்தத் தகர வில்லைகளை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. ஏனென்றால் வேறு யாரும் ஒரு நம்பரைச் சொல்லப் பயந்ததில்லை.

பன்னிரண்டு வில்லைகளும் மூன்றே நிமிடத்தில் இடம் மாறின.

முதல் கட்டிலில் இருந்த வாத்தியார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா, பதினொண்ணுலேருந்து இருபத்தொண்ணு? முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு யாரும் இப்படிப் பதவி உயர்வு கொடுத்ததில்லை."

அமைதி சிரித்து வைத்தாள்.

நான்காவது கட்டிலில் தையல்காரர். நுரையீரலில் சளி கட்டி வந்தவர். வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எது கேட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிதான் பதில் சொல்வார். "அவரு பேசமாட்டாரும்மா. எதுவானாலும் என்னைக் கேளு." வார்டிலேயே அமைதிக்கு மிகவும் வசதியான நோயாளி அவர்தான். இவள் தெர்மாமீட்டரை நீட்டுவாள், அவர் வாயைத் திறப்பார். இவள் மாத்திரையைக் காட்டுவாள், அவர் கையை நீட்டுவார். இரண்டு வாரமாக இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு அந்த அம்மாள் துணி மாற்றி வர வீட்டுக்குப் போயிருந்தார்.

ஒன்பதரை ஆனது. எக்ஸ்டெர்னல் வரவில்லை. பத்தேகால் ஆனது. வரவில்லை.

வந்தது சாப்பாட்டு வண்டி.

"இருபத்தி நாலு, ஒண்ணும் கிடையாது, ஆபரேஷன்" என்று சீட்டைப் படித்துக்கொண்டே வண்டிக்காரர் தையல்காரரைத் தாண்டிப் போனார். நேர் எதிரில், இப்போது பதினான்கு மாட்டியிருந்த கட்டிலில் டிரைவர் படுத்திருந்தார். குடலிறக்க ஆபரேஷனுக்காக முந்தின இரவிலிருந்து பட்டினி. அவர் கையில் நான்கு துண்டு ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்கப்பட்டன.

டிரைவர் கடவுளைப் பார்த்தவர்போல ரொட்டியைப் பார்த்தார்.

'சாப்பிடாதீங்க' என்றால் முடிந்தது. அதில் 'ப' முதலில்கூட வரவில்லை. ஆனால் பதற்றம் வந்தால் அவளுக்கு எல்லா எழுத்தும் 'ப' ஆகிவிடும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அமைதி ஒரே ஓட்டமாக ஓடி, பல்லுக்குப் போய்விட்ட ரொட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஏய்! என்ன பொண்ணு நீ?" என்று டிரைவரின் மருமகன் எழுந்தான். "ஆஸ்பத்திரியில சோறு போடலேன்னா வீட்டுலேருந்து கொண்டு வந்து தின்னு. நோயாளி வாயிலேருந்தா பிடுங்குவே?"

"விடு மாப்ளே" என்றார் டிரைவர் தழுதழுத்து. "அதுக்கு என்ன பசியோ."

"இதுதான் நீங்க சொன்ன மூணாவது அட்டெம்ட் பொண்ணா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எக்ஸ்டெர்னல் மேடம் வந்துவிட்டார். பக்கத்தில் டியூட்டர் மேடம். அமைதியின் கையில் பாதி கடித்த ரொட்டி.

வில்லைகளை உடனே மாற்றிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது எப்படி மாற்றுவது என்றுதான் தெரியவில்லை.

"முதல்ல சுவரோரம்" என்றார் எக்ஸ்டெர்னல் மேடம். "நீ இப்படி வந்து வரிசையில நில்லு. ரொட்டியைக் கீழே வை."

ரேடியோ ஆரம்பித்தாள். "பெட் நம்பர் பதினொண்ணு மேடம், வயசு ஐம்பத்தி ரெண்டு, வயித்துப்புண், நேத்து ராத்திரி மூணு தடவை எழுந்தாரு, அதுல ஒரு தடவை சும்மாதான் எழுந்தாரு..." ரேடியோவை ஒருமுறை போட்டால் தானாக நிற்காது. சுவரைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனாள். அவளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

அமைதிக்குத் தெரிந்தது.

ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சவரக்காரர் வார்டுக்குள் வந்தார். சீட்டைப் பார்த்தார். வில்லைகளைப் பார்த்தார். தையல்காரரின் கட்டிலுக்குப் போய்த் துணித் தடுப்பை இழுத்து மறைத்தார்.

"வாங்கய்யா. மார்லேருந்து முழங்கால் வரைக்கும் வழிக்கணும். என்னது, கையை ஆட்டறீங்க? கூச்சமா? நான் எத்தனை பேரைப் பார்த்தவன். உங்களை மாதிரி ஒருத்தரு போன வாரம் அழுதே போட்டாரு. அசையாதீங்க. கத்தி புதுசு. என்ன, ஏதோ சொல்ல வர்றீங்க? சில்லுனு இருக்கா? சோப்புத் தண்ணி அப்படித்தான் இருக்கும்."

"மே..." என்றாள் அமைதி.

"ஷ்ஷ்" என்றார் எக்ஸ்டெர்னல் மேடம், திரும்பாமலே. "உன் முறை வரும்."

உள்ளே சொரசொரவென்று கத்தி ஓடும் சத்தம். முடிதானே, வளர்ந்துவிடும் என்று அமைதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்ததே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. என்றாலும் அசையாமல் நின்றாள். ஐந்து நிமிடத்தில் ரேடியோ முடித்துவிடுவாள். பிறகு எப்படியாவது.

ரேடியோ இரண்டாவது கட்டிலில்தான் இருந்தாள்.

சவரக்காரர் பெட்டியை மூடிக்கொண்டு போனார். அவர் போன வழியிலேயே ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளுபவர்கள் இரண்டு பேர். மாற்று சிஸ்டர் இருபத்து நான்காம் கோப்பை எடுத்துக்கொண்டு வந்து, அதிலிருந்த பெயரை வாசித்து, "நீங்கதானே?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பேனாவால் சரி போட்டார்.

தையல்காரர் பலமாகத் தலையாட்டினார். இல்லை, இல்லை என்று.

"எல்லாரும் இப்படித்தான் ஆட்டுவாங்க" என்றார் சிஸ்டர். "ஒண்ணும் ஆகாது. டாக்டருக்கு இதெல்லாம் ஜுஜுபி. தூக்குங்கப்பா."

தூக்கினார்கள். பச்சைத் துணி போர்த்தினார்கள். சக்கரம் கிறீச்சிட்டது. வண்டி அமைதியைத் தாண்டிப் போகும்போது தையல்காரர் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். இரண்டு வாரமாக மாத்திரைக்கு நீட்டிய அதே கை போர்வைக்கு வெளியே வந்தது.

அவள் வரிசையை விட்டு நகர்ந்தாள்.

"எங்கே போறே?" என்றார் எக்ஸ்டெர்னல் மேடம்.

நின்றாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"தேர்வு நடக்குது. இந்த வாசலைத் தாண்டினா ஆப்சென்ட் போட்டுடுவேன்."

"மூணாவது ஆப்சென்ட்டுடி" என்றார் டியூட்டர் மேடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "பேரை அடிச்சுடுவாங்க. வந்து நில்லு."

நடைவழியில் சக்கரச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று.

அமைதி ஓடினாள்.

நடைவழி நீளம். மூலையில் ஒரு திருப்பம். திரும்பினால் லிஃப்ட். அவள் போய்ச் சேர்ந்தபோது ஸ்ட்ரெச்சர் உள்ளே இருந்தது. லிஃப்ட்காரர் பொத்தானை அழுத்திவிட்டார். கதவு இரண்டு பக்கமும் நகர்ந்தது.

அமைதி இடையில் போய் நின்றாள். இரண்டு கதவும் இரண்டு தோளில் வந்து இடித்துத் திரும்பின.

"யம்மா! கை கால் போயிடும். தள்ளு" என்றார் லிஃப்ட்காரர்.

அவள் நகரவில்லை. உதடு ஒட்டியிருந்தது.

"என்ன வேணும்? டாக்டர் கூப்பிடறாரா? கோப்பு விட்டுப்போச்சா?"

தலையாட்டினால் போதும். ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டினால் ஐந்து நிமிடம் கிடைக்கும். வாழ்நாள் முழுக்க அவள் அப்படித்தான் சமாளித்திருக்கிறாள். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. கதவு மறுபடியும் வந்து இடித்தது. கால்விரலைத் தட்டவில்லை, பாடவில்லை, மாற்றுச் சொல் தேடவில்லை. வார்த்தை வருகிறபோது வரட்டும், அதுவரை கதவு மூடாது, அவ்வளவுதான் என்று இரண்டு கையையும் அகட்டி நின்றாள்.

"மூணாவது மாடியில பெல் அடிக்கிறாங்கம்மா" என்று லிஃப்ட்காரர் கெஞ்சினார்.

"ப..."

"பால் டம்ளரா?"

"ப... ப... ப..."

"பணமா? பாத்திரமா?"

"அண்ணே, வா... வாயை மூடுங்க. நா... நானே சொல்லிக்கிறேன். ப... ப... பதினாலு. இவரு ப... பதினாலு. இ... இருபத்தி நாலு இல்ல. இ... இறக்குங்க."

லிஃப்ட்டுக்குள் யாரும் அசையவில்லை. ஸ்ட்ரெச்சர்காரர் ஒருவர் மெல்லக் கோப்பைப் பிரித்தார். "குடலிறக்கம்னு போட்டிருக்கு" என்றார். தையல்காரர் தன் மார்பைத் தொட்டுக்காட்டி இருமினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்ட்காரர்தான் முதலில் வியர்வையைத் துடைத்தார்.

வார்டுக்குத் திரும்புவதற்குள் லிஃப்ட்டில் நடந்த செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது, நீதிமன்றம் தயாராக இருந்தது. எக்ஸ்டெர்னல் மேடம் ஒரு தகர வில்லையைக் கையில் வைத்திருந்தார். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ரேடியோ அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு மாத்தினது?"

"மேடம், அவளுக்கு வந்து..." என்று ரேடியோ ஆரம்பித்தாள்.

அமைதி கையைக் காட்டி நிறுத்தினாள். ரேடியோ நின்றது. அது நின்று யாரும் பார்த்ததில்லை.

"நா... நான்தான் மாத்தினேன். எனக்குத் தி... தி... திக்கும். ப... ப வராது. ப... பதினொண்ணு சொல்ல ப... பயந்துக்கிட்டு மாத்தினேன்."

இருபது வயதில், இன்னொரு மனிதர் முகத்துக்கு நேராக, அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் முறை. திக்கும். வானம் இடிந்து விழவில்லை. ஆயா மட்டும், "அப்ப நான் உன்னைச் சும்மாவா அடிச்சேன்?" என்றாள்.

"இதுக்காகவா?" எக்ஸ்டெர்னல் மேடம் தேர்வுத் தாளை எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "இந்தா, படி. பத்து கட்டம் இருக்கு. நோய் தெரியுமா, மருந்து தெரியுமா, கை கழுவினாளா. சரளமாப் பேசினாளான்னு எங்கேயாவது ஒரு கட்டம் இருக்கா?"

அமைதி மேலிருந்து கீழ்வரை தேடினாள். இல்லை.

"அந்த மனுஷன் வயித்தைக் கிழிச்சிருப்பாங்க. தெரியுமில்ல?"

"தெ... தெரியும் மேடம்."

"சவரம் நடக்கும்போதே தெரியுமா?"

அமைதி தையல்காரரின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "தெ... தெரியும்" என்றாள்.

எக்ஸ்டெர்னல் மேடத்தின் முகம் இறுகியது. ஏற்கெனவே எழுதியிருந்த எதையோ அடித்தார். வேறு எதையோ எழுதினார்.

"ஆப்சென்ட்டை அடிச்சுட்டேன். நீ இங்கேதான் இருந்தே, நல்லாவே இருந்தே. ஃபெயில் போட்டிருக்கேன். நம்பரை மாத்தினதுக்கு. பேச்சுக்கு இல்ல."

"ஃபெயில்னா பேரை அடிக்க மாட்டாங்க" என்று டியூட்டர் மேடம் அவள் காதருகே முணுமுணுத்தார். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதலாம். உனக்கு இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கு இல்லை. பிரின்சிபால்கிட்ட நான்தான் ஏச்சு வாங்கணும்."

"அதுவும் இவளே போய்ச் சொல்லட்டும்" என்றார் எக்ஸ்டெர்னல் மேடம். "கடிதம் எல்லாம் கூடாது. வாயால."

எழுதித் தரலாமா என்று கேட்கத்தான் அவளுக்கு முதலில் தோன்றியது. "சொ... சொல்றேன் மேடம்" என்றாள். "கொ... கொஞ்சம் நேரம் ஆகும்."

"ஆகட்டும். போகலாம்."

"இ... இன்னும் இல்ல மேடம்."

"என்ன?"

"உச்சி மருந்துக்கு இ... இன்னும் அரை மணிதான். இந்த சிஸ்டருக்கு இந்த ஆறு பேரையும் தெ... தெரியாது. நா... நான் ஒப்படைக்கணும்."

"ஃபெயில்னு எழுதியாச்சும்மா."

"ச... சரி மேடம். ஆனா யா... யாராவது சொல்லணுமில்ல."

ஆயா வில்லைகளை மாற்றி மாட்டி முடித்தாள். சிஸ்டர் எழுந்து வந்தார். எக்ஸ்டெர்னல் மேடமும் பையை எடுத்தவர் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தார்.

"ப... ப... பதினொண்ணு. ச... சர்க்கரை. வலது கால்ல ப... புண். தினம் ரெண்டு வேளை கட்டு மாத்தணும்."

"அப்ப என் பதவி உயர்வு?" என்றார் வாத்தியார்.

"ர... ரத்து" என்றாள் அமைதி. பிறகு சிஸ்டரிடம் திரும்பி, "இ... இவரோட ப... பல்ஸ் எழுபத்தி எட்டு" என்றாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக டியூட்டர் மேடம் அவள் வாயிலிருந்து பல்ஸ் என்ற சொல்லைக் கேட்டார்.

பன்னிரண்டு. உதடு ஒட்டியது. சிஸ்டர் உதவி செய்யும் எண்ணத்தில், "பன்னிரண்டுதானே?" என்றார். அமைதி நிமிர்ந்து பார்த்தாள். சிஸ்டர் வாயை மூடிக்கொண்டார். அமைதி தானே சொல்லி முடித்தாள். பதின்மூன்று. மற்றவர்கள் ஒரு கட்டிலுக்கு ஒரு நிமிடம் எடுத்தால் அவளுக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. கழுத்து நரம்பு புடைத்தது, அதை அவள் மறைக்கவில்லை. மூன்று நிமிடம் என்பது மூன்று நிமிடம்தான், உலகம் அதைத் தாங்கிக்கொள்கிறது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நான்காவது கட்டில். தையல்காரர் மார்பிலிருந்து முழங்கால்வரை மழுமழுவென்று, கழுத்துவரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"ப... ப... பதினாலு" என்றாள் அமைதி. "நுரையீரல்ல சளி. ஊ... ஊசி ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. இன்னிக்கு இவருக்குக் கா... காலைச் சாப்பாடு கிடைக்கல, எ... என்னாலதான்." அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். "ம... மன்னிச்சிடுங்க."

எக்ஸ்டெர்னல் மேடத்துக்கு இன்னும் ஆறவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தையல்காரரிடம் குனிந்தார்.

"இவளுக்குத்தான் புத்தி இல்ல. உங்களுக்கு என்னங்க வந்துச்சு? சவரக்காரர் முழுசா வழிச்சிருக்காரு. சிஸ்டர் பேரைச் சொல்லிக் கேட்டிருக்காங்க. லிஃப்ட் வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்காங்க. 'நான் இல்லீங்க'ன்னு ரெண்டே ரெண்டு வார்த்தை. வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

தையல்காரர் வாயைத் திறந்தார். தாடை இறுகியது. கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது. பக்கத்தில் அவருக்காகப் பதில் சொல்ல அன்று யாரும் இல்லை.

"சொ... சொ... சொல்லிட்டுத்தாம்மா இ... இருந்தேன். ச... சவரக்காரர் சோப்பு போடறப்ப ஆ... ஆரம்பிச்சேன். லி... லிஃப்ட்லதான் மு... முதல் வார்த்தை மு... முடிஞ்சுது."